குசினி ஏன் தனியாகப் போகிறது?

பண்டமாரானில் என் அத்தை வீட்டு விரிசலை நாங்கள் சில்லறைக் காசு வைத்துத்தான் அளந்தோம். முதல் வருஷம், பழைய சுவருக்கும் பின்னால் நீட்டிக் கட்டிய குசினிக்கும் நடுவே ஓர் இருபது சென் காசைச் செருகினால் நின்றது. மறு வருஷம் இரண்டு காசு. மூன்றாம் வருஷம் தீபாவளிக்குப் போனபோது அத்தை விரலையே உள்ளே விட்டுக் காட்டினார். "வீடு பொளந்துகிட்டுப் போவுதுப்பா. எவன் கண்ணு பட்டுச்சோ!" கொண்ட்ரெக்டர் வந்து சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தச் சிமெண்டும் பிளந்துவிட்டது.

வீடு பிளக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. குசினிதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, பின்சந்துப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. கிள்ளான் வட்டாரத் தாமான்களில் இந்தக் காட்சி புதிதல்ல. கார் நிறுத்தும் போர்ச் தரை இறங்கி, வாசலில் புதிதாக ஒரு படி முளைத்திருக்கும். ஆனால் அதே வீட்டின் கூடத்துச் சுவரில் மயிரிழைக் கீறல்கூட இருக்காது. ஒரே மண், ஒரே மழை. ஒரு பாதி இறங்குகிறது, மறுபாதி அசையவில்லை. ஏன்?

விடை காலுக்குக் கீழே இருக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைத் தாண்டி உள்ளே பரவியிருந்தது. அது பின்வாங்கியபோது விட்டுப்போன சேறுதான் கிள்ளான் சமவெளி. பொறியாளர்கள் இதற்குக் 'கிள்ளான் களிமண்' என்றே பெயர் வைத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். நம்மூர்ப் பெயர் உலகப் பொறியியல் இதழ்களில் அடிபடுவது இந்தச் சேற்றின் புண்ணியத்தால்! சில இடங்களில் இதன் ஆழம் 20 முதல் 30 மீட்டர். பத்து மாடிக் கட்டடம் ஒன்றைத் தலைகீழாகப் புதைத்தால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு. மேலடுக்கில் ஒரு கிலோ காய்ந்த களிமண்ணுக்கு ஏறத்தாழ இன்னொரு கிலோ தண்ணீர் கலந்திருக்கிறது. கிரைண்டரிலிருந்து வழித்தெடுத்த உளுந்து மாவின் மேல் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால் உட்காருவோமா? ஆனால் வீடு கட்டச் சொல்கிறோம்.

மாவு உடனே அமுங்கிவிடும். களிமண்ணின் குணம் வேறு. அதன் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள் மிக நுண்ணியவை. மேலே பாரம் ஏறினால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறப் பார்க்கும், ஆனால் வழி கிடைக்காமல் சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். பாரம் ஏற்றியது ஒரு நாளாக இருக்கலாம், இறக்கம் நடப்பது பல வருஷம். கொண்ட்ரெக்டர் வேலை முடித்துக் காசு வாங்கிப் போகும்போது குசினி நேராகத்தான் இருந்திருக்கும். அவரிடம் வஞ்சகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. களிமண்ணின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

பழைய வீடு ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஒரே சொல் போதும்: பைலிங். கூடத்தின் தூண்களுக்குக் கீழே கான்கிரீட் கால்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு கெட்டியான மண் வரை போகின்றன. குசினிக்கு அப்படி எதுவும் இல்லை. முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, கான்கிரீட் ஊற்றி, அதன் மேல் செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். அதாவது அத்தை வீட்டின் முன்பாதி ஊன்றிய கம்பத்தில் நிற்கிறது. பின்பாதி மிதக்கிறது. அந்தச் சுவரோரத்தில் நிற்பவர் ஒரு கால் படித்துறையிலும் ஒரு கால் படகிலுமாக நிற்கிறார்.

கால் ஊன்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. சுற்றியுள்ள களிமண் இறங்கும்போது அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டே இறங்கும். தண்ணீரில் தத்தளிப்பவர் காப்பாற்ற வந்தவரின் கழுத்தைக் கட்டிக்கொள்வது மாதிரி. தூணைத் தாங்க வேண்டிய மண்ணே தூணைக் கீழே இழுக்கும் இந்தக் கூத்துக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் 'எதிர்மறை உராய்வு'. வீட்டின் பாரத்தோடு இந்த இழுவையையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் பைலின் கனமும் நீளமும் முடிவாகின்றன.

சரி, மண் ஏன் இப்படி விடாமல் இறங்குகிறது? மேலே நாமே மண் கொட்டியதால். கிள்ளான் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே கடல் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறி இறங்கும். ஏற்றத்தின்போது மழையும் சேர்ந்தால் கால்வாய் நீர் கடலுக்குப் போக வழியில்லை, மதகுகளை மூடி வைக்க வேண்டும். ஆகவே தாழ்நிலத்தில் தாமான் எழுப்புமுன் லாரி லாரியாக மண் கொட்டி மனையை உயர்த்துகிறார்கள். அங்கேதான் கணக்கு திரும்புகிறது. ஒரு கன மீட்டர் கெட்டித்த மண் சுமார் 1.8 டன். மாடி வீடு ஒன்று ஒரு சதுர மீட்டருக்கு ஒரு தளத்துக்கு ஏறத்தாழ ஒரு டன். அப்படியானால் மனையை ஒன்றேகால் மீட்டர் உயர்த்தினாலே, அதன் மேல் கட்டப்போகும் இரட்டை மாடி வீட்டின் கனம் அந்தக் களிமண்ணின் தலையில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை! வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்துகிறோம், உயர்த்தியதால் இறங்குகிறது.

பழைய பண்டமாரானுக்கு இந்தத் தலைவலி குறைவு. 1950இல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, அவசரகாலத்தில் காட்டோரங்களில் சிதறிக் குடியிருந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். பண்டமாரான் புதுக்கிராமமும் அந்தக் காலத்ததுதான். பலகைச் சுவர், துத்தநாகக் கூரை. கட்டடக்கலைஞர் எவரும் எட்டிப் பார்க்காத வீடுகள். ஆனாலும் அந்தப் பலகை வீட்டில் ஒரு கோட்பாடு இருந்தது: சேற்றின் மேல் நிற்க வேண்டுமா, கனத்தைக் குறை. ஒரு மூலை இறங்கினால் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஒரு கட்டையைச் சொருகினால் தீர்ந்தது. செங்கல் வீட்டில் அது நடக்காது. இறங்கிய பிறகு திருத்துவதற்கு வழியில்லாததால், இறங்கும் முன்பே எல்லாவற்றையும் காகிதத்தில் யோசித்து வைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறார்.

அந்த ஆள்தான் கட்டடக்கலைஞர். முகப்புக்கு அழகு பார்த்து, தூணுக்கு வளைவு வைத்து, கண்ணாடி போடுபவர் என்றுதான் நம்மில் பலருக்கும் அவரைப் பற்றிய நினைப்பு. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் பத்துப் பாகங்களில் கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியஸ், ஒரு கட்டடத்துக்கு உறுதி, பயன், அழகு மூன்றும் வேண்டும் என்றார். பலரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். எனக்குப் பிடித்தது அவர் போட்ட இன்னொரு பட்டியல்: கட்டடக்கலைஞருக்கு இசை, மருத்துவம், சட்டம், வானியல் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம். சட்டம் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுச்சுவரும் கூரை நீரும் பற்றி வழக்கு வராமல் இருக்க. இரண்டாயிரம் வருஷம் ஆகியும் டேரஸ் வீடுகளின் சண்டை மாறவில்லை!

வானியல் எதற்கு என்பதற்கு நம் நெடுநல்வாடையில் விடை இருக்கிறது. பாண்டியன் மாளிகைக்கு மனை வகுக்க, இரண்டு கோல்களை நட்டு, உச்சிவேளை நிழலைப் பார்த்துத் திசை அறிந்து, நூல் கற்றவர்கள் கயிறு பிடித்த காட்சியை நக்கீரர் அதில் பாடியிருக்கிறார். மதுரையில் கோலின் நிழல் காலடியிலேயே மறைவது ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்த கையோடு. கிள்ளான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 3 பாகை. இங்கே அந்த நிழலில்லா நாள் மார்ச் 28 வாக்கிலும் செப்டம்பர் 15 வாக்கிலும் வரும். கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் கடிகாரம் ஓடுவது கிழக்கே வெகுதூரத்துத் தீர்க்கக்கோட்டின் நேரத்தில். கிள்ளானில் சூரியன் உச்சிக்கு வர மதியம் 1.10, 1.20 ஆகிவிடும்.

இதனால் வீட்டுக்கு என்ன? டிசம்பரில் சூரியன் எவ்வளவுதான் தெற்கே சாய்ந்தாலும் உச்சியிலிருந்து 27 பாகையைத் தாண்டுவதில்லை. அப்போது ஒரு மீட்டர் உயரத் தெற்கு ஜன்னலுக்கு நண்பகலில் முழு நிழல் தர, அரை மீட்டர் தாழ்வாரம் போதும். வடக்கு ஜன்னலுக்கு ஜூன் மாதத்தில் அதைவிடக் குறைவு. மேற்கே பார்த்த ஜன்னலின் கதை வேறு. மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் 30 பாகை உயரத்தில் நின்று நேரே உள்ளே எட்டிப் பார்க்கும். அதை மறைக்க 1.7 மீட்டர் தாழ்வாரம் வேண்டும், அது தாழ்வாரம் அல்ல, பந்தல். டேரஸ் வீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் முகம் உண்டு. கிழக்கு பார்த்த வீடு என்று தேடி வாங்குகிறோம். அந்த வீட்டின் இன்னொரு முகம் மேற்கு என்பதை ஏர்கோன் பில் வந்த பிறகுதான் கவனிக்கிறோம். சாஸ்திரத்தைக் குறை சொல்லவில்லை. நான்கு பக்கமும் திறந்த வீட்டுக்குச் சொன்னதை, இரண்டு பக்கம் மூடிய வீட்டுக்குப் பொருத்துவதில்தான் சிக்கல்.

சூரியன் ஒரு பக்கம் இருக்கட்டும், காற்றுக்கு வருவோம். மலேசியக் கட்டட விதிகளின் மூலவடிவம் 1984இல் வந்தது. அதன்படி வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. அந்தச் சிறிய அறைக்குள் இருக்கும் காற்று மட்டும் ஏறத்தாழ 32 கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டை மூன்றுக்கும் மேல்! இந்த மூட்டையை நாள் முழுக்க வெளியே தூக்கிப்போட்டுப் புதிது கொண்டுவர வேண்டும், அதுவும் மின்விசிறி இல்லாமல். தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு ஜன்னல், இருபதில் ஒரு பங்கு காற்று தடையின்றி நுழையும் திறப்பு என்று விதி கேட்பது இதற்காகத்தான்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலை மாதிரியான பழைய கடைத்தெருக்களில், குறுகலாகவும் நீளமாகவும் நிற்கும் கடைவீடுகள் இதை இன்னும் சாமர்த்தியமாகச் செய்தன. நீளத்தின் நடுவே கூரையைத் திறந்து வைத்தார்கள். அதற்குப் பெயர் காற்றுக் கிணறு. வெயிலில் சூடான காற்று கனம் குறைந்து அந்த வழியே மேலே ஏறும். ஏழு பாகை சூடேறினால் நூற்றுக்கு இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கனம் குறையும், ஆனால் அந்தத் துளி வித்தியாசமே போதும். மேலே போன காற்றின் இடத்தை நிரப்ப, கடை முன்னே நிழலான அஞ்சடி நடைவழியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, வெயில்தான் எரிபொருள். வெளியே எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு நன்றாக ஓடும் விசிறி! இப்போதும் காற்றுக் கிணறு வைத்தால், இரண்டு மாடிக் கட்டடத்துக்கு அது குறைந்தது 7 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி.

அஞ்சடி என்றதும் அதன் வயதையும் சொல்லிவிடலாம். சிங்கப்பூர் நகர அமைப்புக்கு 1822இல் ராஃபிள்ஸ் போட்ட உத்தரவில், தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான, கூரையிட்ட, எப்போதும் திறந்த நடைவழி வேண்டும் என்ற விதி இருந்தது. வீட்டுக்காரர் தம் நிலத்தில், தம் செலவில் ஊருக்கு நிழல் தர வேண்டும். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊருக்கு இதைவிட நல்ல யோசனையை அதற்குப் பிறகு எவரும் சொல்லவில்லை என்பது என் கட்சி. கட்டட விதிகளின் அருமையைக் கோலாலம்பூர் கற்றது அடிபட்ட பிறகு. 1881இல் தீயும் வெள்ளமும் பலகை-அத்தாப்பு ஊரை அழித்தன. மறு வருஷம் சிலாங்கூர் ரெசிடெண்ட் ஆன ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்றார். அந்தச் செங்கல்லுக்குச் சூளை போட்ட இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். 1897இல் முடிந்த, இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்று அழைக்கப்படும் மாளிகை மட்டும் சுமார் 40 லட்சம் செங்கல்லை விழுங்கியது. அதை வரைந்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்லி நிறுத்த முடியாது. நார்மன் வரைந்தார், பிட்வெல் மாற்றினார், இஸ்லாமியச் சாயல் வேண்டும் என்றவர் பொறியாளர் ஸ்பூனர்.

1881 தீயின் நினைவு இன்னும் நம் தலைக்கு மேல் இருக்கிறது. மேம்பாலத்திலிருந்து ஏதாவது ஒரு தாமானைப் பாருங்கள். ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே, வீட்டுக்கு வீடு, ஒரு சாண் உயரத்தில் சிறு சுவர் எட்டிப் பார்க்கும். அலங்காரம் இல்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவர் 200 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், கூரையைத் தாண்டி 230 மில்லிமீட்டர் நீள வேண்டும் என்பது விதி. பக்கத்து வீட்டுக் கூரை பற்றினால் தீ நம் கூரைக்குத் தாவாமல் இருக்க அந்த ஒரு சாண்.

இனி மாடிப்படி. ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, மிதிக்கும் அகலம் 255க்குக் குறையக்கூடாது. வாய்க்கு வந்த எண்கள் அல்ல. இரண்டு உயரத்தையும் ஓர் அகலத்தையும் கூட்டினால் 615 வரும். அது ஒரு மனிதர் நடையில் வைக்கும் ஓர் எட்டு, கிட்டத்தட்ட இரண்டடி. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பிளோண்டெல் இந்தக் கூட்டலைக் கண்டுபிடித்தார். ஏறுவது நடப்பதைவிட இரட்டிப்புச் சிரமம், ஆகவே உயரத்தை இரண்டாகக் கணக்கிடு என்றார். எல்லாப் படியும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதும் விதி. இரண்டு படி ஏறியதும் கால் அந்த அளவை மனப்பாடம் செய்துவிடும், பிறகு கண் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு படி விரலளவு உயர்ந்திருந்தால் போதும், ஆள் தடுமாறுவார். அத்தை வீட்டில் பைல் நீளம் தெரியாதவர்கள்கூட இந்த 615ஐத் தினமும் காலால் சரிபார்க்கிறார்கள்.

இத்தனையையும் ஒன்றோடொன்று மோதாமல் பொருத்துவதுதான் கட்டடக்கலைஞரின் வேலை. பைலைக் கணக்கிடுபவர் பொறியாளர், கம்பி இழுப்பவர் வேறு, குழாய் போடுபவர் வேறு. மானசாரமும் மயமதமும் இதையே நான்கு ஆள்களாகப் பிரித்தன: தலைமை ஏற்கும் ஸ்தபதி, அளவுநூல் பிடிக்கும் சூத்ரகிராகி, பொருத்தும் வர்த்தகி, செதுக்கும் தட்சகன். மலேசியாவில் 2007 ஏப்ரலிலிருந்து இந்த ஏற்பாடு காகிதத்தில் இறங்கியிருக்கிறது. அதற்கு முன் வீடு குடியிருக்கத் தகுந்தது என்று சி.எஃப். கொடுத்தது நகராட்சி. கட்டி முடித்த வீட்டுக்குச் சி.எஃப். வராமல் மாதக்கணக்கில் வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டியவர்களுக்கு அந்தக் காலம் மறந்திருக்காது. இப்போது வருவது சி.சி.சி. அதில் கையெழுத்திடுவது அலுவலகம் இல்லை, ஓர் ஆள். திட்டத்துக்குத் தலைமை ஏற்ற கட்டடக்கலைஞரோ பொறியாளரோ. மண்வேலை, அடித்தளம், நீர்க்குழாய், மின்சாரம், தீத்தடுப்பு, கழிவுநீர், சாலை, வடிகால் என்று 21 படிவங்கள் உண்டு. தேவையானவற்றில் வேலை செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்திட்ட பிறகு, கடைசியாக இவர் கையெழுத்து. சாவி நம் கைக்கு வருவது அதற்குப் பின்னால்தான்.

அந்தக் கையெழுத்து விழுந்தபோது அத்தை வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு கொல்லையை மூடி, பின்சந்து வரை குசினியை நீட்டினோம். விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் போனது இன்னும் இரண்டு. கீழ்த்தளப் பின்னறை ஜன்னலைத் திறந்தால் முன்பு வானம் தெரிந்தது, இப்போது அத்தையின் மசாலா அலமாரி தெரிகிறது. அந்த அறையில் பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. முன்வாசலில் நுழைந்து பின்வாசல் வழியே போய்க்கொண்டிருந்த காற்று, போக இடமில்லாமல் நின்றுவிட்டது. அந்தப் பழைய ஜன்னல் வெறும் ஓட்டை இல்லை, 32 கிலோ மூட்டை வெளியே போகும் வாசல் என்று எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விரிசலுக்குச் சிமெண்ட் மருந்தாகாது. நிற்கும் வீட்டையும் இறங்கும் குசினியையும் ஒட்டவைத்தால், குசினி போகும்போது நல்ல சுவரையும் இழுத்துக்கொண்டு போகும். இடைவெளியை இடைவெளியாகவே விட்டு, மழை நுழையாமல் மேலே தகடு போட்டு, நடுவே இழுபடும் பூச்சு அடைப்பதுதான் இப்போதைக்கு முறை. அப்படித்தான் செய்திருக்கிறோம். அத்தைக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, வாசலில் ஒரு திருஷ்டிப் பூசணியும் தொங்குகிறது.

வீட்டை நீட்டிக் கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று. நகராண்மையிடம் அனுமதி வாங்குங்கள். கொண்ட்ரெக்டர் டைல்ஸ் கேட்டலாக்கை விரிக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பைலிங் எத்தனை அடி போகும்? பின்னறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும்?